கணினிக்கும் நோய் வருமா?

குஷாய்குடா ஐதராபாத் நகரில் உள்ளது. இங்கேதான் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் இருக்கிறது. 1967-இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. கணினிகளும் செய்தது.

எங்கள் மையத்தில் படிக்கும் அக்கா ஒருவர் ஒரு நாள் பதறி வந்தார்.

"தம்பி, பென் டிரைவில் வைரஸ் வந்துவிட்டதாம். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார்கள். என் மகளின் சான்றிதழ் அதில்தானே இருக்கிறது! தொட்டால் நமக்கும் ஒட்டுமா?"

நமக்கு ஒட்டாது. கணினி வைரஸ் கிருமி அல்ல. மனிதர் எழுதிய கட்டளை. அது தன்னைத் தானே நகல் எடுக்கும்.

முன்பு பென் டிரைவ் இல்லை. பிளாப்பி என்ற தட்டு இருந்தது. அதன் தொடக்கப் பகுதி நோட்டின் முதல் பக்கம் போன்றது. அதற்கு 'பூட் செக்டர்' என்று பெயர். கணினியைப் போட்டதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கும்.

சில வைரஸ்கள் அங்கே குடியேறின. பிளாப்பியை எடுக்க மறந்து கணினியைப் போட்டால் போதும். வைரஸ் உள்ளே ஏறும். கணினியின் வன்தட்டிலும் தன்னை எழுதிக்கொள்ளும். பிறகு போடும் பிளாப்பிகளிலும் ஒட்டும்.

1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' வைரஸை எழுதினார்கள். அது பிளாப்பி வழியே பல நாடுகளுக்குப் போனது. 1990-இல் இந்தியாவில் 'ஜோஷி' வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஜனவரி 5-ஆம் தேதி அது கணினியை நிறுத்திவிடும். 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டினால்தான் வேலை நடக்கும்!

இதை எப்படி நீக்கினார்கள்?

முதலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிறகு, வைரஸ் இல்லாத பிளாப்பியால் கணினியைத் தொடங்கினார்கள். அதில் யாரும் எழுத முடியாதபடி முன்பே தடுத்திருந்தார்கள். அடுத்து, வைரஸ் நீக்கும் மென்பொருளால் முதல் பக்கத்தைச் சரிசெய்தார்கள். கடைசியாக, எல்லாப் பிளாப்பிகளையும் சோதித்தார்கள். ஒன்றை விட்டாலும் நோய் திரும்பி வரும்.

சிலர் பயந்துபோய் வன்தட்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார்கள். ஆனால் சாதாரணமாக அழிக்கும்போது வன்தட்டின் முதல் பக்கம் மாறாது. கணக்கு போனது. வைரஸ் அப்படியே இருந்தது!

இன்று பிளாப்பி இல்லை. பென் டிரைவ் வைரஸின் வழியும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். அக்காவிடம், "அழிக்க வேண்டாம், முதலில் சோதிப்போம்" என்றோம். வைரஸை மட்டும் நீக்கினோம். சான்றிதழ் பத்திரமாகக் கிடைத்தது.

நீங்களும் நினைவில் வையுங்கள். பிறர் தரும் பென் டிரைவைச் சோதித்த பிறகே திறவுங்கள். முக்கியமானதை இரண்டு இடங்களில் வையுங்கள். பயந்து அழிக்காதீர்கள். தெரிந்தவரைக் கேளுங்கள்.