நாளைக்குத் தொழில் உண்டா?

பாம்பன் கரையில் மாலை ஐந்து மணிக்கு மேல் நின்றால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: “நாளைக்குத் தொழில் உண்டா?” ஐஸ் கம்பெனிக்காரர் கேட்கிறார். டீசல் கேனோடு வந்தவர் கேட்கிறார். வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் பேரன் கேட்கிறான். அவர் தலை நிமிராமல், “காத்த பாத்துட்டுச் சொல்றேன்டா” என்கிறார்.

அந்தப் பதில் உருவாகிற விதம் இருக்கிறதே, அடடா! காற்று, நீவாடு எனும் நீரோட்டம், பிறை, மேகம், மீன்வளத்துறை டோக்கன், ஹைதராபாத்திலிருந்து வரும் செயற்கைக்கோள் சேதி, ஊரில் நடக்கிற கலியாணம் எல்லாம் ஒரு டீக்கடை பெஞ்சில் கூடி வழக்குப் பேசித் தீர்ப்புச் சொல்வது போல இருக்கும். மீனைத் தட்டில் மட்டும் பார்த்தே பழகியவர்களை இந்தப் பின்கட்டுக்குள் கூட்டிப்போக எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வாருங்கள்.

முதலில் இந்தப் பாம்பன் தீவுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே ஊருக்கு இரண்டு கடல்! வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் ஒருபுறம் குளம்போலக் கிடப்பதையும் மறுபுறம் அலை எகிறுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எந்த மாதத்தில் வந்தோம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று பிடித்தால் தெற்குக் கடல் கொந்தளிக்கும். தீவே குறுக்கே கிடந்து மறைப்பதால் வடக்குக் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடை விழட்டும், பெண் கடலின் குணத்தை அப்போது பார்க்க வேண்டும்! அலை கரையை அறைகிற அறையில் நங்கூரம் போட்ட படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த மாதங்களில் தெற்குக் கடல் சாது.

காற்று மாறும்போது படகுகளும் கரை மாறும். வடக்கே கிடந்த வல்லங்களையும் ஃபைபர் படகுகளையும் தென்கரையிலுள்ள தெற்குவாடிப் பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள். கச்சானில் திரும்ப வடக்கே. குறுக்கே இருப்பது பாம்பன் கால்வாய். மேலே ரயில் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுத்துண்டை ஆட்கள் இரும்புக் கம்பியைச் சுழற்றித்தான் தூக்கினார்கள்; 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே நெட்டுக்குத்தலாக 17 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. பாலம் திறக்கும் நாளில் பெரிய படகுகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கவே ஒருமுறை வரலாம். சின்னப் படகுகள் எந்நேரமும் தூண்களுக்கிடையே போகலாம்தான். ஆனால் அடியில் ஓடுகிற நீரைப் பாருங்கள்! கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கிறது, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. எதிர்நீவாட்டில் எஞ்சினை முறுக்கினால் டீசல்தான் கரையும். அதனால் நீர் சாதகமாகத் திரும்பும் நேரம் பார்த்துக் கிளம்புகிறார்கள்.

அந்த நேரம் எப்படித் தெரியும்? டீக்கடைச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர்தான் கணக்குப் புத்தகம்! ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. திதி இருக்கிறதே, போதும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருகி, இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் நிலா சுமார் ஐம்பது நிமிடம் பிந்துவதால் பெருக்கும் அவ்வளவே பிந்தும். இன்று காலை ஒன்பது மணிக்கு நீர் பெருகி நின்றால் நாளை ஒன்பது ஐம்பதுக்கு, மறுநாள் பத்து நாற்பதுக்கு. இப்படியே ஒரு வாரம் தள்ளிக்கொண்டே போங்கள், அதே ஒன்பது மணிக்கு நீர் வற்றிக் கிடக்கும். இன்னொரு வாரம் போனால் மறுபடி பெருக்கு. அமாவாசையன்று பெருக்கு எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர் பௌர்ணமிக்கும் சொல்லிவிடுவார், நடுவில் உள்ள எந்த நாளுக்கும் சொல்லிவிடுவார். இதை விரல்விட்டு எண்ணிச் சொல்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்குப் புல்லரித்தது!

பெருக்கின் அளவும் பிறையைப் பொறுத்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் நீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும், நீவாடும் வலுக்கும். அட்டமி, நவமி வாக்கில் இரண்டும் செங்கோணத்தில் நிற்க, கடல் சோம்பிக் கிடக்கும். ஊர் உலகத்தில் ஆகாத நாள் என்று ஒதுக்குகிற அதே அட்டமியும் நவமியும் நண்டு வலைக்காரருக்கு நிம்மதியான நாள். சாயங்காலம் அடியில் இறக்கிய வலை விடியும்வரை போட்ட இடத்திலேயே நிற்கும். நீவாடு வலுத்த நாளில் வலை சுருண்டுகொள்ளும். பாசியும் கடல்தாழையும் வந்து அப்பிக்கொள்ளும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் உட்கார்ந்து அதைப் பொறுக்கி எடுத்தாலும் மதியம் தாண்டும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நண்டு என்றும் சொல்வார்கள். சந்தையில் நண்டு வாங்குகிற அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் காலண்டரைத்தான் காட்டுவார்கள்.

இங்கே ஏற்ற இறக்கம் ஒன்றும் மலைபோன்றது இல்லை, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். கரையோரத்தில் முழங்கால் நீர், இடுப்பு நீர். அங்கே ஒரு முழம் நீர் குறைந்தாலும் படகு தரைதட்டும்.

நிலாவை நம்பித் திட்டம் போடுகிறவர்களில் என் மனத்தை முழுதாக அள்ளிக்கொண்டவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து மேலே வருகிறார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலுக்கு ரப்பர் செருப்பு, அவ்வளவுதான் சாமான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றுகிற நாட்களே அவர்களுக்கு வேலை நாள். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று அவர்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி தழைக்க ஏப்ரலை ஒட்டிச் சில வாரம் கடலில் இறங்குவதையே நிறுத்திவைக்கிறார்கள். இந்தப் பெண்களின் சார்பாக நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவுப் பக்கம் போவதற்கும் தடை. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் இவர்கள். மனசாரக் கும்பிடத் தோன்றுகிறது.

இனி இருட்டு! செவுள் வலைக்காரர்களுக்கு நிலவு ஆகாது. பௌர்ணமி வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொண்டு விலகிவிடும். தேய்பிறைக் கடைசியில், கருக்கிருட்டில், சூடை மீன் கூட்டம் கடலுக்கடியில் திரும்பும்போது நீருக்குள் நீலமாக ஒரு மினுக்கம் ஓடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கலைந்து ஒளிவிடுவதுதான் அது. படகின் முன்முனையான அணியத்தில் நிற்கிறவர் அந்த மினுக்கத்தை வைத்தே கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கைகாட்டுவார். கரையிலிருந்து நாம் பார்ப்பது வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளேதான் இத்தனை கூத்தும்!

டீக்கடை பெஞ்சுக்குத் திரும்புவோம், ஆறரை ஆகிவிட்டது. இளவட்டங்கள் கையில் விண்டி செயலி. அதன் காற்றுப் படத்தில் பச்சை என்றால் முகமெல்லாம் சிரிப்பு, மஞ்சள் என்றால் பேச்சுவார்த்தை, சிவப்பு என்றால் “படுத்துத் தூங்கு மச்சான்.” பெரியவர் திரையைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது நிலாவை. அதைச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தால், அதாவது உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகம் படர்ந்து வளையம் தெரிந்தால், மழைக்குறி. பல நாட்களில் செயலியும் அவரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். மாறுபடும் நாளில் நடக்கிற விவாதத்துக்காகவே இன்னொரு டீ சொல்லலாம்.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் அளந்து, மீன் கூடும் இடம் எது என்று கரையிலிருந்து தூரம், திசை, ஆழத்தோடு சொல்லிவிடுகிறது. மேகம் மூடிய நாளில் அந்தக் கண் மங்கிவிடும். அப்போது பழைய பாடங்கள்தான் கைகொடுக்கும். நீர் கலங்கலாக இருந்தால் இறால் வலை, தெளிந்திருந்தால் கணவாய்த் தூண்டில். இதற்கிடையே ‘கடல் ஓசை 90.4’ ஒலித்துக்கொண்டிருக்கும். பாம்பனிலேயே 2016 முதல் நடக்கிற, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. அலை எத்தனை அடி, காற்று என்ன வேகம் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லும்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் எல்லா விவாதமும் முடிந்தது. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது, மூன்று என்றால் இந்தக் கரைக்கே பலத்த காற்று வரப்போகிறது. பத்து பேரபாயம். பதினொன்று ஏறினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கூண்டை இங்கே யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிக்காரர்கள் பலர் திரும்பவேயில்லை. அதன் பிறகு படகுகளில் கரையோடு செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் வேலை நடந்தது. கரையிலிருந்து செய்தி போவதற்கு எவ்வளவு செலவானாலும் தகும்.

எல்லாம் கூடிவந்தாலும் சட்டம் சரி என்று சொல்ல வேண்டும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது இந்தப் பக்கத்து ஏற்பாடு. விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். காற்று எச்சரிக்கை இருந்தால் டோக்கன் கிடையாது. வடகிழக்கே சில கடல் மைலில் இலங்கை எல்லை; நீவாடு வலுத்த இரவில் வலையோடு படகும் அந்தப் பக்கம் இழுபடும் என்பதையும் படகின் முதலாளியான சம்மாட்டி கணக்கில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு முழுத்தடை. மீன்கள் முட்டையிடும் காலம் அது, தடை தேவைதான். அடிமட்டத்தை வழித்தெடுக்கும் இழுவை வலைக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்பது என் கட்சி.

தீர்ப்பு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு ரகசிய வழி சொல்கிறேன்: ஐஸைப் பாருங்கள். உடைத்த ஐஸ் கூடை கூடையாகப் படகுக்குப் போனால் தொழில் உண்டு. நிறையப் போனால் சம்மாட்டி நம்பிக்கையோடு இருக்கிறார். ஒரு கூடையோடு நிறுத்தினால் அவர் மனத்தில் இன்னும் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது!

தடை முடிந்த முதல் தொழில் நாளுக்கு ராமேசுவரம் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். இரண்டு மாதம் கரையேறிக் கிடந்து, புதுப் பெயின்ட் அடித்து, எஞ்சின் பிரித்துக் கோத்த நூற்றுக்கணக்கான படகுகள். வலை, ஐஸ், டீசல், தண்ணீர் கேன் ஏற்றுகிற அமர்க்களம். மறுநாள் விடிகாலையில் இறாலும் நண்டும் காரலும் கணவாயும் குவிய, மீன் வாங்கும் கம்பெனிக்காரர்கள் விலை சொல்லச் சொல்லத் தளமே அதிரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது கச்சான் காலம். அன்று காற்று தூக்கிவிட்டால் டோக்கன் கிடையாது. ஜூன் 15-க்கு டிக்கெட் போடுமுன் விண்டியைத் திறந்து, என்ன நிறம் என்று பார்த்துவிடுங்கள்.