குதிரையிடமே கேட்டுப் பார்த்தார்கள்

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தின் டிரெஸ்ஸாஜ் பிரிவில் இந்தியக் குழு தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்குக் கிடைத்த தங்கம் அது. அந்தக் காணொளியை எட்டாம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். குதிரை குறுக்காகக் கால் மாற்றி வைத்து நடப்பதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “இது குதிரைக்குப் பிடிச்சிருக்கான்னு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டாள்.

“படிச்சுட்டு வந்து சொல்றேம்மா” என்று அப்போதைக்குச் சமாளித்தேன். படிக்க உட்கார்ந்தபோதுதான், இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஐரோப்பியக் குதிரையேற்ற உலகம் பல ஆண்டுகளாக இரண்டுபட்டுக் கிடப்பது தெரிந்தது.

டிரெஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பயிற்றுவித்தல் என்று பொருள். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் குதிரையும் வீரரும் வரையறுத்த அசைவுகளைச் செய்துகாட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். வீரர் தரும் குறிப்பு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமலும், குதிரை தானாகவே விரும்பி ஆடுவது போலவும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. குதிரையை இணக்கமான கல்வியின் வழியே மகிழ்ச்சியான விளையாட்டு வீரராக வளர்ப்பதே நோக்கம் என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள் சொல்கின்றன. விளையாட்டு விதிகளில் ‘கல்வி’ என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனோஃபோன், அடித்து மிரட்டிச் செய்யவைக்கும் அசைவில் அழகு இருக்காது என்று தம் குதிரையேற்ற நூலில் வாதிட்டிருக்கிறார்.

சண்டையின் மையத்தில் இருப்பது ‘ரோல்குர்’ எனப்படும் பயிற்சி முறை. கடிவாள வாரை இழுத்துப் பிடித்து, குதிரையின் மூக்கு அதன் மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தை வளைத்து, அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். முதுகுத் தசை நன்றாக நீளும், குதிரையின் கவனம் சிதறாது என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அவர்களைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2000, 2004, 2008 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஆங்கி வான் குருன்ஸ்வென் இம்முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். எதிர்ப்பவர்களோ, குதிரைக்கு மூச்சு விடுவது சிரமமாகிறது, முன்னால் இருப்பது சரியாகத் தெரிவதில்லை என்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப்பட்டது வேறொன்று. குதிரை எப்படிக் கற்கிறது? வீரர் காலால் அதன் விலாவை லேசாக அழுத்துவார். குதிரை நகர்ந்த கணமே அழுத்தத்தை எடுத்துவிடுவார். அழுத்தம் விலகுவதுதான் அதற்குப் பாடம். பி.எட். படிப்பில் எதிர்மறை வலுவூட்டல் என்று படித்து, தண்டனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோமே, அதுதான். ஆனால் கழுத்தை வளைத்துப் பிடித்தே வைத்திருந்தால், குதிரை எதைச் செய்தாலும் அழுத்தம் விலகுவதில்லை. அந்த வினாத்தாளில் சரியான விடையே கிடையாது. என்ன செய்தாலும் பயனில்லை என்று உணர்ந்த உயிர் முயற்சியையே கைவிட்டுவிடும் என்பதை 1960களில் நாய்களை வைத்து மார்ட்டின் செலிக்மேன் காட்டினார். கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதைச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது கீழ்ப்படிதலைப் போலவே இருக்கும்.

2009இல் டென்மார்க்கில் நடந்த ஒரு போட்டியின் பயிற்சி நேரத்தில், கழுத்து வளைக்கப்பட்ட குதிரையின் நாக்கு நீலம் பாய்ந்து வெளியே தொங்கும் காட்சி படமாகி உலகெங்கும் பரவியது. பெரும் எதிர்ப்பு கிளம்பவே, 2010 பிப்ரவரியில் கூட்டமைப்பு லோசான் நகரில் கூடிப் பேசியது. வலுக்கட்டாயமாகக் கழுத்தை வளைப்பது ஏற்கத்தக்கதல்ல என்றார்கள். வலுவில்லாமல் தலையைத் தாழ்த்தி ஓட்டலாம் என்றும் சொன்னார்கள். ஒரே நிலையில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வழிகாட்டினார்கள். எது வலு, எது வலு அல்ல என்பதைக் களத்து ஓரத்தில் நிற்கும் அலுவலர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இது கடினமான வேலைதான்.

‘500 கிலோ எடையுள்ள விலங்கு, பிடிக்கவில்லை என்றால் ஆளைத் தூக்கி எறிந்துவிடாதா?’ என்றும் ஒரு வாதம் உண்டு. என் மாணவிக்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைத்தது இந்த இடத்தில்தான். ஊட்டா கோனிக் ஃபான் போர்ஸ்டெலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குதிரையிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஆங்கில ஒய் எழுத்து வடிவில் இரண்டாகப் பிரியும் பாதை. ஒரு கிளையில் போனால் அடுத்து ரோல்குர் முறையில் ஒரு சிறு சுற்று. மற்றதில் போனால் வழக்கமான கழுத்து நிலையில் ஒரு சுற்று. 15 குதிரைகளை இரண்டு பக்கமும் மாறி மாறி 30 முறை ஓட்டிப் பழக்கினார்கள். பிறகு எந்தப் பக்கம் போவது என்பதைக் குதிரையிடமே விட்டுவிட்டார்கள். 14 குதிரைகள் வழக்கமான நிலைக்கான கிளையைத்தான் தெளிவாக அதிகமுறை தேர்ந்தெடுத்தன. ரோல்குர் சுற்றில் அவை வாலை வீசின, தலையை உதறின. ஆளைத் தூக்கி எறியாவிட்டாலும் குதிரை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தப் பேச்சைக் கேட்கக் கற்பதும் சாத்தியம். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 செயல்களைப் பட்டியலிட்டார். காதைப் பின்னுக்கு மடக்குவது, வாயைத் திறப்பது போன்றவை அதில் உண்டு. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

அடையாளத்தை மறைக்கவும் வழி உண்டு. கடிவாளத்தில் மூக்கைச் சுற்றி ஒரு வார் கட்டுவார்கள். வாயைத் திறந்தால் மதிப்பெண் குறையும் என்பதால் சிலர் அதை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வாய் மூடியிருப்பதால் எல்லாம் நலம் என்று ஆகிவிடுகிறது. சத்தமில்லாத வகுப்பறையைப் பாராட்டிவிட்டுப் போகும் ஆய்வாளர்களை நாமும் பார்த்திருக்கிறோம்! இரண்டு விரல் நுழையும் அளவு இடம் வேண்டும் என்பது பழைய வழக்கம். யார் விரல் என்ற கேள்வி வருமே. 2025இல் கூட்டமைப்பு இதற்கென்றே ஓர் அளவுகருவியைக் கொண்டுவந்தது.

2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கவிருந்த நேரத்தில், ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், மாணவர் ஒருவர் ஏறியிருந்த குதிரையின் கால்களை அவர் நீளச் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த காணொளி வெளிவந்திருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், அது தம் வழக்கமான முறை அல்ல என்றார். ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

அவர் ஒருவரைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குதிரையின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்கிறது விதி. 1992, 2008 ஆண்டுகளின் உயர்நிலைப் போட்டிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பிந்தைய ஆண்டில் சில நடைகளின்போது குதிரைகளின் மூக்கு அந்தக் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தது தெரிந்தது. விதி அப்படியே இருந்தது, மதிப்பெண் வேறு பக்கம் போனது. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தானே லாயத்தில் பயிற்சி தருவார்கள்?

மறுவாரம் வகுப்பில் அந்த ஒய் வடிவப் பாதையைக் கரும்பலகையில் வரைந்து இதையெல்லாம் சொன்னேன். அந்த மாணவி விடவில்லை. “மீதி ஒரு குதிரை சார்?” என்றாள். அது இரண்டு பக்கத்தில் எதையும் தெளிவாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றேன். “பாவம், அதுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சோ என்னமோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.