ஜோடி சேர்க்கலாம் வாங்க!

குட்டீஸ்! சோழி உருட்டித் தாயம் ஆடியிருப்பீர்கள். புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடியிருப்பீர்கள். சிப்பியை வைத்து ஞாபகசக்தி விளையாட்டு ஆடியதுண்டா?

ஜப்பான் நாட்டில் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒரு விளையாட்டு இருந்தது. அதன் பெயர் ‘காய் அவாசே’. சிப்பி சேர்த்தல் என்று பொருள். ஒரு செட்டில் 360 சிப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தரையில் வட்டமாகக் கவிழ்த்து வைப்பார்கள். மறுபாதியை ஒவ்வொன்றாக நடுவில் வைப்பார்கள். முதுகில் உள்ள கோடுகளைப் பார்த்து, அதன் ஜோடி எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சரியாகச் சேர்த்தோமா என்று எப்படித் தெரியும்? ஒரு சிப்பியின் பாதி, வேறு எந்தச் சிப்பியோடும் கச்சிதமாகப் பொருந்தாது! அதனால்தான் பெரிய வீட்டுப் பெண்களின் கல்யாணச் சீரில் இந்தச் சிப்பிப் பெட்டியும் இடம்பெற்றது. சிப்பியின் உட்புறத்தில் தங்கப்பூச்சோடு அழகான ஓவியங்கள் தீட்டினார்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஜப்பானுக்குச் சீட்டுக்கட்டைக் கொண்டு வந்தார்கள். சிப்பியின் இடத்துக்கு அட்டை வந்தது. நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைக் கொண்ட அட்டை விளையாட்டு அங்கே மிகவும் பிரபலம். பாடலின் முதல் பாதியை ஒருவர் படிப்பார். மறுபாதி எழுதிய அட்டையைச் சட்டென்று எடுக்க வேண்டும். போட்டி தொடங்குமுன் அட்டைகள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்ய 15 நிமிடம் தருவார்கள். காகித மடிப்பு, பூ அலங்காரம், நாடக முகமூடி என்று ஜப்பானியக் கலைகளைப் படமாகப் போட்ட ஜோடி அட்டைகளும் உண்டு.

சரி, நம் கம்பம் பள்ளத்தாக்கில் கடல் ஏது, சிப்பி ஏது? பரவாயில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். ஒரே அளவில் 24 அட்டைகள் வெட்டுங்கள். நம் ஊர்க் கலைகளை 12 ஜோடிகளாக வரையுங்கள். இதோ பட்டியல்:

தப்பு – தப்பாட்டம்
கிளி வைத்த கரகம் – கரகாட்டம்
கைக்குட்டை – ஒயிலாட்டம்
தேவதுந்துபி – தேவராட்டம்
கம்பு – சிலம்பம்
கோல் – கோலாட்டம்
முளைப்பாரி – கும்மி
தீச்சட்டி – வீரபாண்டி சித்திரைத் திருவிழா
தறி – ஆண்டிபட்டிப் பக்கத்துச் சேலை
குயவர் சக்கரம் – மண்பானை
புள்ளி – கோலம்
தோல் பாவை – பாவைக்கூத்து

அட்டைகளைக் கலைத்து, ஆறு ஆறாக நான்கு வரிசையில் கவிழ்த்து வையுங்கள். ஒருவர் ஒரு தடவைக்கு இரண்டு அட்டைகளைத் திருப்பலாம். ஜோடி சேர்ந்தால் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆடலாம். சேராவிட்டால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். கடைசியில் அதிக ஜோடி வைத்திருப்பவரே ராஜா!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? முதலில் இதுவரை யாரும் திருப்பாத அட்டையைத் திருப்புங்கள். அதன் ஜோடியை ஏற்கெனவே பார்த்திருந்தால், உடனே எடுத்துவிடலாம். தெரிந்த அட்டையை முதலில் திருப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும். அடுத்தவர் ஆடும்போதும் கண்ணை எடுக்காதீர்கள்!

இன்னொரு விதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோடியை எடுப்பவர் அதைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அட்டைகள் திரும்பவும் தரைக்கே!

‘தேவதுந்துபி என்றால் என்ன?’ என்று விழிக்கிறீர்களா? தேவராட்டத்துக்கு வாசிக்கும் தோல் கருவி அது. தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. அந்தக் கருவியின் ஓசையைக் கேட்டுத்தான் கால்கள் அடி மாற்றும். வாசிக்க ஆள் இல்லாவிட்டால் ஆட்டமும் நின்றுவிடும். ஒரு பாதி தொலைந்துபோனால் மறுபாதிச் சிப்பி வெறும் ஓடுதானே?

அதனால் அட்டையில் படம் வரைவதற்கு முன், உங்கள் தாத்தா, பாட்டியிடமோ, திருவிழாவில் ஆடுபவர்களிடமோ கேளுங்கள். கருவியை எப்படிப் பிடிப்பார்கள், எந்தக் கையில் அடிப்பார்கள் என்று பார்த்து வரையுங்கள். அவர்கள் சொல்வதை அட்டையின் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன குட்டீஸ், கத்தரிக்கோலும் கலர் பென்சிலும் ரெடியா? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். பாட்டியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாக்கிரதை... இந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயிப்பார்!