தொடுகை திரும்பிய கை

இரவில் மின்சாரம் தடைப்படுகிறது. இருட்டில் மேசையைத் தடவித் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசுகிறோம். கண் எதையும் காணவில்லை. பெட்டியை அடையாளம் கண்டவை விரல்கள்; எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று அறிந்தவையும் அவைதாம். அசைவது கையின் பாதி வேலை என்றால், உணர்வது மறுபாதி. இவ்வுண்மையை அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று தெளிவாக எடுத்துக்காட்டியது.

நேதன் கோப்லண்ட் 2004 ஆம் ஆண்டு வாகன விபத்தொன்றில் கழுத்தில் படுகாயமடைந்தார். அப்போது அவருக்கு வயது 18. முண்ணாண் சேதமடைந்ததால் கால்களையும் கைவிரல்களையும் அவரால் அசைக்க முடியாமற் போயிற்று.

முண்ணாண் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையிலான செய்திப் பாதை. கையை நீட்டும்படி மூளை இடும் கட்டளை அதன் வழியே இறங்குகிறது. தொட்ட பொருள் பற்றிய செய்தி அதன் வழியே மூளைக்கு ஏறுகிறது. பாதை சிதைந்தாலும் மூளை தன் வேலையை மறப்பதில்லை. கையை அசைக்க நினைத்தால், அதற்குரிய நரம்புக்கலங்கள் அப்போதும் மின் கணத்தாக்கங்களை உண்டாக்குகின்றன. அப்படியாயின், சிதைந்த பாதையைச் சுற்றி வேறொரு பாதை அமைக்கலாமே!

பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையே செய்தனர். 2015 இல் சத்திரசிகிச்சை மூலம் கோப்லண்டின் மூளையில் நான்கு சிறு மின்வாய்த் தொகுதிகளைப் பொருத்தினர். இரண்டு, அசைவுக்குரிய பகுதியில். அவை அவரது எண்ணத்தின் மின் குறிகளைப் பெற்றுக் கணினிக்கு அனுப்ப, கணினி இயந்திரக் கையை இயக்கியது. மற்றைய இரண்டும் தொடுகைக்குரிய பகுதியில். இயந்திர விரல் அழுத்தப்படும்போது அவை மூளைக்குச் சிறு மின்தூண்டல் வழங்கின. கோப்லண்டோ அதைத் தம் சொந்த விரலில் ஏற்படும் அழுத்தமாக உணர்ந்தார். கண்களைக் கட்டியிருந்தபோதும், எந்த இயந்திர விரல் தொடப்பட்டது என்பதை 84 சதவீதம் சரியாகக் கூறினார்.

இதனால் பயன் என்ன? 2021 இல் வெளியான பரிசோதனை முடிவு விடை தந்தது. பொருளொன்றை எடுத்து வேறிடத்தில் வைக்க, பார்வையை மட்டும் நம்பியபோது அவருக்கு ஏறத்தாழ 21 செக்கன் பிடித்தது. தொடுகையும் சேர்ந்தபோது ஏறத்தாழ 10 செக்கன் போதுமாயிற்று. முன்னர், பொருள் பிடியில் அகப்பட்டதா என்று பார்த்துப் பார்த்தே நேரம் கழிந்தது. தொடுகை வந்ததும் அத்தயக்கம் நீங்கியது.

இத்தொழினுட்பம் இன்னும் பொதுப் பாவனைக்கு வரவில்லை. மண்டையோட்டைத் திறக்க வேண்டும். தலையிலிருந்து கணினிக்கு வயர் செல்ல வேண்டும். தொற்று ஏற்படும் அபாயமும் உண்டு. காலப்போக்கில் மின்வாய்கள் பெறும் குறிகள் மங்கவும் கூடும். எனினும், அசையவே முடியாது என்றிருந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

கோப்லண்டுக்குத் தொடுகையை அளித்தவை 64 மின்வாய்கள். நமது ஒரு விரல்நுனியிலோ ஆயிரக்கணக்கான தொடுகை வாங்கிகள் உள்ளன. வுழூச் செய்கையில் விரலிடுக்கில் ஓடும் நீரின் குளிர்ச்சியை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அந்தச் சிறு உணர்வில் ஒரு துளியையேனும் மீட்டுக்கொடுக்க அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அல்லாஹ் நமக்கு அதைக் கேளாமலே தந்திருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்!