அம்பும் இலக்கும் – 9: டோமி போய்கோலைனன்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடவர் தனிநபர் வில்வித்தையில் தங்கம் வென்றபோது பின்லாந்தின் டோமி போய்கோலைனனுக்கு வயது 18. ஹெல்சின்கியில் 1961 டிசம்பர் 27ஆம் தேதி பிறந்தவர். அவருக்கு முன்பு பின்லாந்துக்காரர் எவரும் ஒலிம்பிக் வில்வித்தையில் தங்கம் வென்றதில்லை.

ஆனால் வழியில்லாத காட்டில் நடந்தவர் அல்ல அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிம்பிக்கில் இடம்பெறாதிருந்த வில்வித்தை, 1972இல் முனிச்சில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அந்த முதல் போட்டியிலேயே பின்லாந்தின் க்யோஸ்தி லாசோனன் 2467 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். நீண்ட பனிக்காலம் கொண்ட அந்த நாட்டில் வில்லாளிகள் ஆண்டின் பெரும்பகுதியை அரங்குகளுக்குள், 18 மீட்டர் தொலைவில் எய்து பழக வேண்டியிருக்கிறது. திறந்தவெளியில் காற்றோடு பழகக் கிடைப்பது குறுகிய கோடைகாலம் மட்டுமே. அதையும் மீறி உலகத் தரத்தில் வில்லாளிகள் அங்கே உருவானார்கள்.

அன்றைய ஒலிம்பிக் வில்வித்தை இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் நேருக்கு நேர் மோதல் அல்ல. நான்கு நாட்கள், மொத்தம் 288 அம்புகள். ஆடவர் 90, 70, 50, 30 மீட்டர் தொலைவுகளில் தலா 36 அம்புகள் எய்ய வேண்டும். பிறகு அதே வரிசையை இன்னொரு முறை முடிக்க வேண்டும். ஓர் அம்புக்கு அதிகபட்சம் 10 புள்ளி, ஆகவே முழு மதிப்பெண் 2880. 90 மீட்டரில் வைக்கப்படும் இலக்கின் விட்டம் 122 சென்டிமீட்டர். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். ஓர் அம்பு பிசகினால் போட்டி கைவிட்டுப் போவதில்லை. ஆனால் நான்கு நாட்களும் கை, கண், மூச்சு மூன்றும் ஒரே ஒழுங்கில் இயங்க வேண்டும். பதினெட்டு வயது இளைஞரிடம் வழக்கமாக எதிர்பார்க்க முடியாத குணம் இது.

மாஸ்கோவில் போய்கோலைனன் கடைசி நாளில்தான் முந்தினார். நான்காம் நாளுக்கு உரியவை 50, 30 மீட்டர் என்ற குறுகிய தொலைவுகள். அங்கே எல்லோருமே நல்ல புள்ளி எடுப்பார்கள் என்பதால் பின்தங்கியவர் எட்டிப் பிடிப்பது கடினம். முடிவில் அவர் 2455, சொந்த மண்ணில் ஆடிய சோவியத் வீரர் போரிஸ் இசச்சென்கோ 2452, இத்தாலியின் ஜான்கார்லோ ஃபெராரி 2449. 288 அம்புகளுக்குப் பிறகு முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடைவெளி ஆறே புள்ளிகள். மகளிர் பிரிவில் பைவி மெரிலுவோட்டோ வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் பின்லாந்து பெற்ற எட்டுப் பதக்கங்களில் இரண்டு வில்லாளிகள் கொண்டுவந்தவை.

இந்தத் தங்கத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் 2571 புள்ளிகளுடன் தங்கம் வென்ற டேரல் பேஸும், உலக சாம்பியன் பட்டம் பெற்றிருந்த ரிக் மெக்கின்னியும் வரவில்லை. அவர்கள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் புள்ளிகளை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயம் ஆகாது. மொன்றியாலில் 2495 எடுத்து வெண்கலம் வென்ற அதே ஃபெராரி, மாஸ்கோவில் 46 புள்ளிகள் குறைவாக எடுத்தும் வெண்கலம் பெற்றார். வெளியில் எய்யும் வில்வித்தையில் காற்றும் வானிலையும் எல்லோருடைய கணக்கிலும் கைவைக்கும்.

அவர்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு உறுதியான பதில் 1984 லாஸ் ஏஞ்சலிஸில் கிடைத்தது. அங்கே பேஸும் மெக்கின்னியும் ஜப்பானியர்களும் களத்தில் இருந்தார்கள். பேஸ் 2616 புள்ளிகளுடன் தங்கமும் மெக்கின்னி வெள்ளியும் வென்றனர். போய்கோலைனன் 2538 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பிடித்தார். மாஸ்கோவில் எடுத்ததைவிட இது 83 புள்ளி கூடுதல். 1972இல் அமெரிக்காவின் ஜான் வில்லியம்ஸுக்குத் தங்கம் பெற்றுத்தந்த 2528ஐயும் தாண்டியது. பதக்கம் இல்லாத இந்த ஐந்தாம் இடம், அவருடைய திறமைக்குத் தங்கத்தைவிட வலுவான சான்று. இடையில் 1981இல் மூத்தவரான லாசோனனும் இத்தாலியின் புன்டா ஆலாவில் உலக சாம்பியன் ஆகியிருந்தார். புறக்கணிப்பு இல்லாத களத்திலும் பின்லாந்து வில்லாளிகள் வெல்லக்கூடியவர்களே.

அடுத்த பத்தாண்டில் விளையாட்டின் முறையே மாறியது. 1988 சோலில் குழுப் போட்டி சேர்க்கப்பட்டது. 1992 பார்சலோனாவில் தனிநபர் பிரிவும் 70 மீட்டரில் இருவர் மோதும் வெளியேற்றுச் சுற்றானது. அலுமினிய அம்புகளின் இடத்தைக் கார்பன் கலந்த மெல்லிய அம்புகள் பிடித்தன. நான்கு நாள் நிதானத்தில் வளர்ந்த வில்லாளிகளுக்குச் சில நிமிடங்களில் முடியும் மோதல் புதிய சோதனை. பலர் அந்த மாற்றத்தைத் தாண்டி வரவில்லை. போய்கோலைனன் வந்தார்.

பார்சலோனாவில் ஒலிம்பிக் தீபத்துக்கு எரியும் அம்பை எய்தவர் அன்டோனியோ ரெபோயோ என்ற மாற்றுத்திறனாளி வில்லாளி. வில்வித்தைக்கு அப்படியொரு பெருமை கிடைத்த அந்த விழாவில், ஆடவர் குழு இறுதிப் போட்டியும் போட்டியை நடத்திய நாடான ஸ்பெயினுக்கு எதிராகவே பின்லாந்துக்கு அமைந்தது. போய்கோலைனனுடன் இஸ்மோ ஃபால்க்கும் யாரி லிப்போனனும் நின்றார்கள். மூவரும் சேர்ந்து 27 அம்புகள். முழு மதிப்பெண் 270. ஸ்பெயின் 238, பின்லாந்து 236. மாஸ்கோவில் உள்ளூர்க்காரரை மூன்று புள்ளியில் வென்றவருக்கு, பன்னிரண்டு ஆண்டு கழித்து உள்ளூர்க் குழுவிடம் இரண்டு புள்ளியில் வெள்ளி கிடைத்தது. வலிமை மிக்க தென் கொரியாவின் ஆடவர் குழு அன்று பதக்கமின்றித் திரும்பியதை நினைத்தால் அந்த வெள்ளியின் எடை தெரியும்.

1996 அட்லான்டா அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். 18 வயதில் தங்கம் வென்ற பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். இவர் அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் வில்லைக் கீழே வைக்கவில்லை. ஒலிம்பிக் வில்வித்தையில் பின்லாந்துக்கு இன்றுவரை கிடைத்திருக்கும் ஒரே தங்கம், 1980இல் அவர் வென்றதுதான்.