சிவப்பு விளக்கைச் சிறிதென்று எண்ணலாமா?

தில்லியில் வீடு மாற்றாத தமிழ்க் குடும்பம் அரிது. அரசாங்கக் குடியிருப்பு கிடைத்தாலும், வாடகை உயர்ந்தாலும், பிள்ளையின் பள்ளி மாறினாலும், கட்டிலும் பீரோவும் கிரைண்டரும் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏறிவிடும். 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வெளிவந்த பின் இத்தகைய வண்டிகள் பெருகின. நம் ஊரில் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர். இங்கு ‘சோட்டா ஹாத்தி’. பொருள் ஒன்றேதான்.

சென்ற பொங்கல் விழாவுக்குப் பாத்திரங்களைக் கொண்டுவர ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியை அமர்த்தினோம். ஓட்டுநர் சேலத்துப் பக்கத்து இளைஞர். முன் இருக்கையில் ஏறி அமர்ந்ததும், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இட்ட சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டோம்.

“தம்பி, இது என்ன விளக்கு?”

“அது அடிக்கடி எரியும், அண்ணா. எண்ணெய் ஊத்தினா அணைஞ்சிடும்.”

மெக்கானிக்கிடம் காட்டவில்லையா என்று கேட்டோம். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போகும், தவணையோ நிற்காது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எனினும், அந்த விளக்கு சொன்னதும் பொய் அன்று.

இரயில்வே அலுவலில் இருக்கும் நமக்கு அப்போது ஓர் ஒப்புமை தோன்றிற்று. வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் செம்மைப்படுத்திய தானியங்கிக் காற்றுப் பிரேக்கில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால் இரயில் தானே நின்றுவிடும். பிக்கப் வண்டியில் முறை நேர்மாறானது. பெடலை மிதிக்கும்போது குழாயில் உள்ள எண்ணெய்தான் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. எண்ணெய் கசிந்தால் வண்டி நிற்காது. முன்பின் என இரு கிளைகளாகக் குழாயைப் பிரித்திருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆயினும் பாதி பிரேக்கில் பாரவண்டி நிற்க வெகு தூரம் வேண்டும். ஆகவே இரயிலைக் கோளாறே நிறுத்திவிடும். பிக்கப்பிலோ கோளாற்றை முன்கூட்டிச் சொல்ல அந்தச் சிறு விளக்கும் ஓட்டுநரின் காலுமே உண்டு.

விளக்கு எரியக் காரணங்கள் பல. கைப்பிரேக் முழுதும் இறங்காதிருக்கலாம். கம்பியோ சுவிட்சோ பழுதாகியிருக்கலாம். எண்ணெய் மட்டம் தாழ்ந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தில்தான் அபாயம் பதுங்கியிருக்கிறது. பிரேக் எண்ணெய் டீசலைப் போல் செலவாகும் பொருள் அன்று. அது குறைந்தால், ஒன்று பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கவேண்டும், அல்லது எங்கோ கசியவேண்டும். மேலே ஊற்றி நிரப்புவதால் விளக்கு அணையுமேயன்றிக் கசிவு நிற்காது. சிலர் விளக்கின் கம்பியையே கழற்றிவிடுவார்கள். காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் தணியுமா?

விளக்கு எரியாததனாலேயே எல்லாம் நலம் என்றும் எண்ணலாகாது. சாவியைத் திருப்பும்போது அது எரிந்து, கைப்பிரேக்கை விடுத்ததும் அணையவேண்டும். ஒருமுறையும் எரியாவிடில் பல்பு போயிருக்கும். மேலும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். மே மாத வெயிலில், பாரத்துடன் ரிங் ரோட்டில் நின்று நின்று செல்லும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரை போய்விடும். இதை மட்டம் பார்க்கும் விளக்கு சொல்லாது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

தில்லியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தது முதல், பழைய வண்டிக்குப் பணம் செலவிடச் சிலர் தயங்குகின்றனர். தகுதிச் சான்று இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோரும் உளர். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சான்று பெறவேண்டும் என்பது விதி. ஆனால் சான்று ஒரு நாளையப் பரிசோதனை. கசிவு மறுநாளே தொடங்கக்கூடும்.

அன்று நாம் பாத்திரங்களை அவ்வண்டியில் ஏற்றவில்லை. அரை நாள் வாடகையை அவர் கையில் கொடுத்து, உடன் மெக்கானிக்கிடம் சென்றோம். பின்பக்க இடது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் நனைந்திருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மாலைக்குள் சரியாயிற்று. வேறு வண்டியில் பாத்திரங்கள் வந்து சேர, விழாவில் பொங்கல் இரண்டு மணி நேரம் பிந்திற்று. சிலர் முணுமுணுத்தனர். அதற்கு நாம் வருந்தவில்லை.

வண்டி அமர்த்தும் அன்பர்கள் பேரம் பேசுமுன் ஒரு நிமிஷம் ஒதுக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்; அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அவ்வண்டி வேண்டாம். மிதித்தால் பஞ்சுபோல் இருந்தாலும், ஒரு பக்கமாக வண்டி இழுத்தாலும் வேண்டாம். ஓடும்போதே பிரேக் கைவிட்டால் பெடலை விட்டுவிட்டு விரைந்து பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுக்கவேண்டும் என்பதை ஓட்டும் சகோதரர்கள் நினைவிற் கொள்வாராக.

அவர்களது ஒரு நாள் கூலியை நாமும் சிறிது பகிர்ந்து கொண்டால், சிவப்பு விளக்கை மறைக்கவேண்டிய நிலை அவர்களுக்கு வராது. பின்னால் ஏற்றுவது நம் பாத்திரங்கள். முன்னால் அமர்ந்திருப்பவரும் ஒரு வீட்டின் பிள்ளையல்லவா?