எண்ணை மாற்றினால் போதும்: சி.என்.சி. இயந்திரத்தில் மேக்ரோ

ஜோகூரின் செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைகளில் சி.என்.சி. இயந்திரங்களை இயக்கும் இந்திய இளைஞர்கள் உண்டு. உலோகத் துண்டைப் பூட்டுவது, பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் அளவு பார்ப்பது ஆகியவை ஆபரேட்டரின் அன்றாட வேலை. புரோகிராம் எழுதும் நிலைக்கு அவர் உயர உதவும் படிகளில் ஒன்று, ‘கஸ்டம் மேக்ரோ’.

சாதாரண புரோகிராமில், கத்தி போக வேண்டிய இடம் நேரடி எண்ணாக எழுதப்பட்டிருக்கும். மேக்ரோவில் எண்ணுக்குப் பதிலாக மாறி நிற்கும். பள்ளியில் படித்த அல்ஜீப்ராவே இது. ஜப்பானின் ஃபானுக் கட்டுப்பாட்டு அமைப்பில் மாறிகளை #1, #100, #500 என்று குறிப்பார்கள். #1 முதல் #33 வரையிலானவை அந்த ஓர் அழைப்புக்கு மட்டுமே உரியவை. வழக்கமாக, #100 வரிசையில் உள்ள மதிப்பு இயந்திரத்தை அணைத்தால் அழிந்துவிடும். #500 வரிசையில் உள்ளது அழியாது.

ஓர் எடுத்துக்காட்டு. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 8 துளைகள் போட வேண்டும். துளைகளுக்கு இடையே 45 பாகை. முதல் துளை எக்ஸ் 60, ஒய் 0. இரண்டாவது எக்ஸ் 42.426, ஒய் 42.426. இப்படி எட்டையும் கணக்கிட்டு எழுதலாம். நாளை வாடிக்கையாளர் 200 மில்லிமீட்டர் வட்டத்தில் 12 துளை கேட்டால், மீண்டும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

மேக்ரோவில் ஆரம், துளைகளின் எண்ணிக்கை, தொடக்கக் கோணம் ஆகிய மூன்றை மட்டும் ‘ஜி65’ வரியில் கொடுத்தால் போதும். ஆரத்தைக் கோசைனால் பெருக்கி எக்ஸையும், சைனால் பெருக்கி ஒய்யையும் இயந்திரமே கண்டுபிடிக்கும். ‘வைல்’ கட்டளை, எண்ணிக்கை முடியும்வரை அதே வேலையைத் திரும்பச் செய்யும். கணினியில் கேம் மென்பொருள் இருந்தாலும், ஒரே வடிவத்தில் பல அளவுகள் வரும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் அலுவலகத்திற்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் வசதி இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. ஆரத்தைக் கொடுக்க ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாறி காலியாக இருக்கும். பெருக்கலில் காலி என்பது பூஜ்யமாகவே கணக்காகும். எட்டுத் துளைகளும் வட்டத்தின் நடுவிலேயே விழும், பொருள் வீணாகும். ஆழத்தில் இதே தவறு நேர்ந்தால் கத்தி உடையலாம், இயந்திரமும் சேதமடையலாம்.

எனவே நல்ல மேக்ரோ, வேலையைத் தொடங்கும் முன் சோதனை செய்யும். ஆரத்தின் மாறி #0, அதாவது காலி என்றால், #3000 வழியாக எச்சரிக்கை காட்டி இயந்திரத்தை நிறுத்தும். புதிய மேக்ரோவை முதலில் பொருளுக்கு மேலே, காற்றில், ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பது அவசியம். 9000 வரிசை எண்ணுள்ள புரோகிராம்களைப் பிறர் திருத்தாதபடி பூட்டி வைப்பதும் வழக்கம்.

எல்லா இயந்திரத்திலும் மேக்ரோ வசதி திறந்திருக்காது; கையேட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எழுதும் முறையும் மாறும். சீமென்ஸ் அமைப்பில் ‘ஆர்’ மாறிகள் பயன்படுகின்றன.

ஜோகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கான ஒப்பந்தம் 2025 ஜனவரி 7-இல் கையெழுத்தானது. புதிய தொழிற்சாலைகள் வரும்போது, பொருளைப் பூட்டிக் கழற்றும் வேலையை ரோபோக்களும் செய்யும். வரைபடத்தைப் படித்து, எங்கே தவறு நேரும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதும் வேலைக்கு ஆள் வேண்டும். எஸ்.கே.எம். சான்றிதழ் 1 முதல் 3 வரையிலான நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் 4-ஆம் நிலை டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா. பத்து பஹாட் அட்டெக் போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி மையங்களும் ஜோகூரிலேயே உள்ளன.

எஸ்.பி.எம். கணிதத்தில் வந்த சைன், கோசைன் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, அந்த எட்டுத் துளைகளைக் காட்டலாம்.